சிங்கப்பூர்த் தட்டும் ஜோகூர்த் தட்டும்

சிங்கப்பூர்க்காரரிடம் ஜோகூர் பாருவில் என்ன விசேஷம் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். சாப்பாடு மலிவு, பழைய ருசி அங்கேதான் மிச்சமிருக்கிறது. ஜோகூர்க்காரரிடம் சிங்கப்பூர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: எல்லாம் நம்ம சாப்பாடு, விலை மட்டும் மூன்று மடங்கு. மூன்று பேச்சிலும் உண்மை இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, இரண்டு ஊர்த் தட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலம், 1924இல் திறந்தது. இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ். அந்தப் பக்கம் இறங்கியதுமே ஜோகூர் பாருவின் பழைய கடைத்தெரு. ஜோகூர்த் தண்ணீர் குழாய் வழியே தெற்கே வருகிறது. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் ஆற்றித் தரும் தேநீரில் தேயிலையும் பாலும் எந்த ஊருடையதோ, தண்ணீரில் ஒரு பங்கு ஜோகூருடையது.

கோழியும் அப்படித்தான். 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூரின் கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதுவும் உயிரோடு வந்து, இங்கே அறுபட்டு, அன்றைக்கே கடைக்குப் போன கோழி. உறையவைத்த பிரேசில் கோழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோழிச் சோற்றுக்காரர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. கோழியைக் கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வேகவைத்து, பனிநீரில் முக்கி, தோலுக்கும் சதைக்கும் நடுவே வழுவழுவென்று ஒரு படலம் கட்ட வைக்கும் வித்தை உறைந்த கோழியில் எடுபடாது. அக்டோபரில் தடை முழுதாக நீங்கும்வரை, தேசிய உணவு என்று பெருமை பேசும் பண்டம் பக்கத்து நாட்டுப் பண்ணையை நம்பியிருப்பதை ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஆக, சரக்கு ஒன்றுதான். சமைக்கிற கைகளும் பெருமளவு ஒன்றுதான். சிங்கப்பூர்ச் சமையற்கட்டுகளில் வேலை செய்யும் மலேசியர்கள் பலர் விடியுமுன்பே பாலம் கடந்து வருகிறவர்கள். பிறகு எங்கேதான் வேறுபடுகிறது?

1919 என்ற ஆண்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் கில்லினி சாலையில் ஒரு ஹைனான் கோப்பிக் கடை அந்த ஆண்டில் தொடங்கியது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, அரைவேக்காட்டு முட்டை, துணிப்பையில் வடித்த கோப்பி. 1990களில் கை மாறியபின் அது கில்லினி கோப்பித்தியாம் என்ற பெயரில் கிளை கிளையாகப் பெருகி வெளிநாடுகளுக்கும் போனது. ஜோகூர் பாருவின் ஜாலான் தான் ஹியோக் நீ தெருவில் ஹியாப் ஜூ பேக்கரியும் 1919ஐத்தான் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. அங்கே இன்னும் விறகடுப்பு. வாழைப்பழக் கேக்கும் தேங்காய்ப் பன்னும் தட்டுத் தட்டாக வெளியே வரும், சூடு ஆறுமுன் விற்றுப்போகும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கொஞ்ச தூரத்தில் ஜாலான் டோபியில் 1937இலிருந்து இருக்கும் சலாஹுதீன் பேக்கரியும் இதே ரகம்.

ஒன்று வியாபாரம், மற்றொன்று கலை என்று பிரிப்பது சோம்பேறித்தனம். ஹியாப் ஜூ விறகடுப்பை வைத்திருக்க முடிவதற்குக் காரணம் உரிமையாளரின் பிடிவாதம் மட்டுமல்ல. பழைய கடைவீட்டின் பின்கட்டில் அந்த அடுப்பு இருக்க இடம் இருக்கிறது, அதைக் கலைக்கச் சொல்லி நெருக்கும் வாடகை இல்லை, புகைபோக்கியைப் பற்றிப் புகார் எழுத மேல்மாடியில் குடியிருப்பு அடுக்குகள் இல்லை. சிங்கப்பூரில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எப்போதாவது கதவைத் தட்டியிருக்கும். அங்கே ஒரு பண்டம் பிழைக்க வேண்டுமானால் பெருக வேண்டும். இல்லாவிட்டால் அரசாங்கத்தின் கூரைக்கடியில் போய் உட்கார வேண்டும்.

அந்தக் கூரைதான் உணவங்காடி நிலையம். 1960களின் இறுதியில் சிங்கப்பூர் தன் தெருவோர அங்காடிக்காரர்களை ஒருவர் விடாமல் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை நிலையங்களைக் கட்டிக் கட்டித் தெருவிலிருந்தவர்களை உள்ளே குடியேற்றியது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், எண் போட்ட கடை. இன்றைக்கு 110க்கு மேற்பட்ட நிலையங்கள். ஆசியாவின் பெருநகரங்களில் தெருச் சாப்பாட்டை இத்தனை ஒழுங்காகத் தெருவிலிருந்து எடுத்தும் சாகாமல் காப்பாற்றிய ஊர் வேறு எது என்று யோசித்துப் பார்த்தால் எனக்குச் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒழுங்கு என்ற பெயரில் தெருக்கடைகளை ஒழித்த ஊர்கள்தான் அதிகம்.

ஜோகூர் பாருவில் அப்படி ஒரு பெருங்குடியேற்றம் நடந்ததில்லை. அங்கும் மாநகராட்சி கட்டிய உணவுக் கூடங்கள் உண்டு. ஆனால் ஊரின் சாப்பாடு இன்னமும் கடைவீடுகளிலும், நடைபாதையில் மேசை போடும் கோப்பிக் கடைகளிலும், மெல்ட்ரம் தெருப் பக்கத்துச் சந்துக் கடைகளிலும், சாயங்காலம் விரியும் இரவுச் சந்தைகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஜாலான் திரூஸில் 1946 முதல் இருக்கும் ஹுவா மூய் கடையில் ஹைனான் முறைச் சிக்கன் சாப் சாப்பிடப் போகிறவர் அந்தக் கடைக்காக மட்டுமே போக வேண்டும். சிங்கப்பூரில் மேக்ஸ்வெல் நிலையத்துக்குப் போகிறவர் என்ன சாப்பிடுவது என்று முடிவே செய்யாமல் போகலாம். வரிசையின் நீளம் முடிவு செய்துவிடும்.

உட்கார்ந்த பிறகு வித்தியாசம் இன்னும் கூடுகிறது. சிங்கப்பூர் நிலையத்தில் முதல் வேலை, ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்து இடம் பிடிப்பது. பிறகு நீங்களே வரிசையில் நின்று, நீங்களே தட்டைத் தூக்கி வந்து, சாப்பிட்டு முடித்ததும் நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து தட்டை விட்டுவிட்டுப் போனால் எச்சரிக்கை, திரும்பச் செய்தால் அபராதம். தட்டு வைக்கும் அடுக்கிலும் ஹலால் தனி, மற்றது தனி. ஜோகூரில் மமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடையில் நீங்கள் நாற்காலியை இழுக்கும்போதே ஒரு பையன் வந்து நிற்பான். அவனைப் பாஸ் என்பார்கள், அண்ணே என்பார்கள், மச்சா என்பார்கள். சீனர், மலாய்க்காரர் வாயிலும் அந்த அண்ணே சரளமாக வரும். ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பெரிய திரையில் பந்தாட்டம் பார்க்கலாம், எழுந்து போகச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சிங்கப்பூர் நிலையத்தில் காலித் தட்டோடு ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து பாருங்கள், பின்னால் நிற்பவரின் பார்வை கழுத்தில் சுடும்.

ஜோகூரில் நாம் மலிவாக வாங்குவது உண்மையில் இந்த நேரத்தைத்தான் என்பது என் எண்ணம். நாற்காலியின் ஒரு மணி நேர வாடகை சிங்கப்பூரில் விலையுயர்ந்த பொருள். அங்காடிக் கடைச் சோற்றின் விலையை ஓரளவு கட்டுக்குள் வைத்திருக்க, பரிமாறும் ஆளையும் மேசை துடைக்கும் ஆளையும் உட்கார்ந்து பேசும் நேரத்தையும் அந்த ஊர் தட்டிலிருந்து கழித்துவிட்டது. ருசியில் அவ்வளவாகக் கைவைக்கவில்லை. அதற்காக அந்த ஊரைப் பாராட்டத்தான் வேண்டும்.

இரண்டு நாடுகளும் யுனெஸ்கோவிடம் எதைக் கொண்டுபோயின என்பதிலும் இதே வேறுபாடு தெரிகிறது. 2018இல் சிங்கப்பூர் தன் அங்காடி உணவுப் பண்பாட்டைப் பட்டியலில் சேர்க்கப் போவதாக அறிவித்ததும் மலேசியச் சமையல்காரர்கள் சிலர் பொங்கினார்கள். இது யாருடைய சாப்பாடு என்ற பழைய சண்டை. சிங்கப்பூரின் கோரிக்கையோ பண்டங்களைப் பற்றியதே அல்ல. நாலு இனத்தாரும் ஒரே கூரையடியில் உட்கார்ந்து சாப்பிடும் ஏற்பாட்டைப் பற்றியது. 2020 டிசம்பரில் அது ஏற்கப்பட்டது. மலேசியா 2024 டிசம்பரில் தன் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தைச் சேர்த்தது: நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக். ஒரு நாடு இடத்தைப் பதிந்தது, மற்றொன்று வேளையைப் பதிந்தது. ஜோகூர் பாருவில் காலை எட்டு மணிக்கு நடந்து பார்த்தவருக்கு இரண்டாவது எவ்வளவு பொருத்தம் என்று புரியும். லார்க்கின் பக்கம் காச்சாங் பூல் என்று ஒன்று கிடைக்கும். அரபு நாட்டு அவரைக் கூட்டு மாதிரி, மேலே ஒரு பொரித்த முட்டை, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தொட்டுக்கொள்ள வெண்ணெய் தடவி வாட்டிய கனத்த ரொட்டி. ஜோகூரின் அரபுத் தொடர்பு இப்படிக் காலைப் பசியில் வந்து நிற்கிறது.

லக்சா என்னும் நூடுல்ஸ் பண்டத்தை வைத்துத்தான் இரண்டு ஊரையும் சரியாக அளக்க முடியும். சிங்கப்பூரின் காத்தோங் லக்சாவில் தேங்காய்ப்பால் கெட்டி, உலர் இறால் அரைத்த குழம்பு, அரிசி நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள். கரண்டி ஒன்று போதும், நின்றபடியேகூட முடித்துவிடலாம். ஜோகூர் லக்சாவில் இருப்பது இத்தாலிய ஸ்பகெட்டி. சுல்தான் அபு பக்கர் ஐரோப்பா போய் வந்து தன் சமையல்காரரிடம் செய்யச் சொன்னார் என்று கதை. கதை எப்படியோ, ஸ்பகெட்டி உண்மை. மீனை வேகவைத்து முள் எடுத்து அரைத்த கெட்டிக் குழம்பு, வறுத்து இடித்த தேங்காய், மேலே வெள்ளரி, வெங்காயம், கெசும் இலை, சம்பல், பிழிய எலுமிச்சை. பெருநாளன்று வீட்டில் செய்வார்கள், கையால் பிசைந்து சாப்பிடுவார்கள். கடைகளில் கிடைக்கும், ஆனால் மூலைக்கு மூலை கிடைக்காது. இது கடைச் சாப்பாடாக முழுதாக மாறாத பண்டம். முள் எடுக்கும் வேலையை நினைத்தால் காரணம் விளங்கும். அந்த வேலைக்குச் சிங்கப்பூர் வாடகையில் எவரும் விலை போட முடியாது, ஜோகூரிலேயே தயங்குகிறார்கள்.

மீன்தலைக் கறியில் நமக்குச் சொந்த அக்கறை உண்டு. 1950ஐ ஒட்டிச் சிங்கப்பூரில் கோமெஸ் என்ற மலையாளி தன் கடையில் சமைக்கத் தொடங்கியது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. சீன வாடிக்கையாளர்களுக்கு மீன் தலைமேல் இருந்த ஆசையும் தென்னிந்தியப் புளிக்குழம்பும் கைகோத்த பண்டம். சிங்கப்பூரின் இந்தியர் வட்டாரமான தேக்காவில் 1969இல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவும் அதை வாழையிலைச் சோற்றோடு சேர்த்து உலகறியச் செய்தன. அங்கே குழம்பில் புளியும் வெந்தயமும் முன்னால் நிற்கும், வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்கும். பாலத்தைத் தாண்டியதும் ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் காம் லோங் என்ற சீனக் கடை இதே மீன்தலையை மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைக்கும். உள்ளே முட்டைக்கோஸ், பயற்றங்காய், குழம்பை உறிஞ்சி ஊறிய சோயாத் தோல். காரம் குறைவு, எண்ணெய் மினுங்கும் மேற்பரப்பு. வாசலில் நிற்கும் வரிசையில் சிங்கப்பூர்க்காரர்களே அதிகம். சிங்கப்பூரில் பிறந்த பண்டத்தைத் தேடி ஜோகூரில் வரிசையில் நிற்கிறார்கள் என்று ஜோகூர் நண்பர்கள் கிண்டல் செய்வதுண்டு. குழம்பு என்று பார்த்தால் என் ஓட்டு தேக்காவுக்குத்தான். சட்டியின் அடியில் கடைசியாக மிஞ்சும் அந்தச் சோயாத் தோலுக்கு மட்டும் காம் லோங்.

நம்மவர் கடைகளைப் பொறுத்தவரை சிங்கப்பூர் ஒரு படி மேல் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கடற்பாலம் திறந்த அதே 1924இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947இன் கோமள விலாஸ், அரபு தெருப் பக்கம் 1908 முதல் முர்தபாக் போடும் ஸம் ஸம், கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தில் தமிழ் முஸ்லிம் கடைகள் விற்கும் செக்கச்செவேல் எலும்பு சூப் என வரிசை நீளம். உறிஞ்சுகுழல் போட்டு எலும்பின் மஜ்ஜையை உறிஞ்சும் அந்தக் காட்சிக்குச் சட்டையைத் தியாகம் செய்யத் தயாராகப் போக வேண்டும். தமிழகத்திலிருந்து அண்மைக் காலத்தில் வந்தவர்களின் கூட்டம் தேக்காவில் செட்டிநாடு, மதுரை, திண்டுக்கல் என்று ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஜோகூர் பாருவில் ராஜமாரியம்மன் கோயில் இருக்கும் ஜாலான் உங்கு புவானைச் சுற்றி வாழையிலைச் சோற்றுக் கடைகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் மலேசியத் தமிழர் நாக்குக்குச் சமைப்பவை. தோசை தேக்காவில் மேல். ரொட்டி சானாயும் தே தாரிக்கும், குறிப்பாக இரவு இரண்டு மணிக்கு, ஜோகூரில் மேல். பொரோட்டாவைச் சிங்கப்பூரில் நெய் மணக்க மொறுமொறுவென்று சுடுகிறார்கள், ஆனால் உடன் வரும் குழம்பில் ஜோகூர்க்காரர் கைதான் தாராளம்.

இனி அந்த மலிவுக் கதை. 1973 மே மாதம்வரை இரு நாட்டு நாணயமும் ஒன்றுக்கு ஒன்று மாறின. சிங்கப்பூர்க்காரர் ஜோகூரில் சாப்பிட்டு இலாபம் பார்க்க நாணயத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஏற்பாடு முறிந்தபின் விலகி விலகி, இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். சிங்கப்பூர் நிலையத்தில் ஒரு தட்டுக் கோழிச் சோறு ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், ஜோகூர்க் கோப்பிக் கடையில் ஒன்பது ரிங்கிட். மாற்றிப் பார்த்தால் பாதிக்கும் சற்று மேல். குளிரூட்டிய உணவகம் என்றால் இடைவெளி இன்னும் பெரிது: சிங்கப்பூரில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் 2024 முதல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 119.90.

கணக்கை ஜோகூர்க்காரர் பக்கமிருந்து போட்டால் படம் மாறும். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. ஆனால் வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் நிறுவனம் உள்ளூர் முழுநேர ஊழியருக்குத் தரவேண்டிய கீழ்வரம்பு 2024 ஜூலையில் 1,600 வெள்ளியானது. எண் கிட்டத்தட்ட ஒன்று. 1,600 வெள்ளிக்கு 320 தட்டுக் கோழிச் சோறு வரும், 1,700 ரிங்கிட்டுக்கு 190 தட்டுகூட வராது. ஜோகூர் பாருவின் அடிமட்டச் சம்பளக்காரருக்கு அந்த ஊர்ச் சாப்பாடு, சிங்கப்பூர் அடிமட்டச் சம்பளக்காரருக்கு அவர் ஊர்ச் சாப்பாட்டைவிட விலை அதிகம். மலிவு என்பது பாலம் கடந்து வருகிறவருக்கு மட்டும் காட்டும் முகம். கூடவே அவர் வரவால் நகர்மையத்துக் கடைகளின் விலைப்பட்டியலும் ஏறிக்கொண்டே போகிறது. நல்ல சமையல்காரரோ மூன்று மடங்குச் சம்பளத்தைத் தேடித் தெற்கே போய்விடுகிறார்.

சிங்கப்பூர்க் கடைக்காரர் நிலையும் கொண்டாடும்படி இல்லை. 2024இல் மட்டும் 3,000க்கு மேற்பட்ட உணவுக் கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டன, அதைவிட அதிகமாகப் புதியவை திறக்கப்பட்டன. அதே ஆண்டு மரீன் பரேட் நிலையத்தில் ஒரே ஒரு அங்காடிக் கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் ஏலம் கேட்டார்கள். பழைய தலைமுறைக்காரர்கள் சலுகை வாடகையில் இருப்பதால்தான் பல இடங்களில் விலை இன்னும் தாங்கும்படி இருக்கிறது. அவர்களில் கணிசமானோர் அறுபதைத் தாண்டியவர்கள். 2016இல் மிச்செலின் வழிகாட்டி சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்து உலகச் செய்தியானது, ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எலும்பு வேகவைக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கவில்லை. அதே வழிகாட்டி 2022 டிசம்பரில் மலேசியாவுக்குப் போனபோது கோலாலம்பூரையும் பினாங்கையும் மட்டும் பார்த்தது. ஜோகூர் பாருவைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

2020 மார்ச்சில் எல்லை மூடியபோது இரண்டு ஊரின் பலவீனமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஜோகூர் பாரு நகர்மையத்தில் கடைகள் வாடிக்கையாளர் இல்லாமல் வெறிச்சோடின, சிங்கப்பூரில் கடைகள் ஆளில்லாமல் தவித்தன. 2022 ஏப்ரல் 1ஆம் தேதி தரைவழி முழுதாகத் திறந்ததும் நள்ளிரவிலேயே கூட்டம் கிளம்பியது.

அதன்பின் வந்த மாற்றங்களில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று நாட்காட்டி. 2014 முதல் ஜோகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. ஞாயிறு அங்கே வேலை நாள். சிங்கப்பூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை போனால் உள்ளூர்க் குடும்பங்களோடு மேசைக்குப் போட்டி போட வேண்டியதில்லை. 2025 ஜனவரியிலிருந்து ஜோகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இப்போது இரண்டு ஊரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், அதே நாற்காலிக்கு வருகின்றன. இனி வரப்போவது புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் துரித ரயில்: நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர்வரை. ஹியாப் ஜூவின் விறகடுப்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை கேக் வரும் என்று ரயில் திட்டத்தில் யாரும் கணக்குப் போட்டிருக்கப் போவதில்லை.

அந்த ரயிலைக் காலை ஆறிலிருந்து நள்ளிரவுவரை ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. மமாக் கடையில் கூட்டம் களைகட்டுவதே அதற்குப் பிறகு. பின்னிரவு ரொட்டி சானாய்க்காரர்கள் பழையபடி காரில்தான் போக வேண்டியிருக்கும், அதுவும் சிங்கப்பூர்ச் சட்டப்படி முக்கால் தொட்டி பெட்ரோலை உள்ளூரிலேயே நிரப்பிக்கொண்டு.